33 சதுரங்களில் ஒரு கடற்கரை

சிங்கப்பூரின் வடகிழக்கே உள்ள புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கடற்கரைப் பகுதி இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவின்போது நீங்கள் அங்குள்ள நடைபாதையில் நடந்திருக்கலாம். கடல் வற்றும் நேரத்தில் அங்கிருந்து கீழே பார்த்தால் பச்சைப் புல்வெளி போன்ற ஒன்று தெரியும். அதுதான் கடற்புல். அதனிடையே நட்சத்திர மீன்களும், கம்பளத்தை விரித்தாற்போலக் கிடக்கும் கடல் சாமந்திகளும், மண்ணோடு மண்ணாகக் கடல் அட்டைகளும் இருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. அந்தக் கரையில் எத்தனை கடல் சாமந்திகள் இருக்கின்றன?

"நிறைய" என்று சொன்னால் அது விடையாகாது. போன ஆண்டும் நிறைய, இந்த ஆண்டும் நிறைய என்றால், கூடினவா குறைந்தனவா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்றால், கரை மிகப் பெரியது. கடல் நன்றாக வற்றிக் கிடப்பதோ ஓரிரு மணி நேரம்தான். பாதி எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் சூழலியல், கடல் உயிரியல் படிக்கச் செல்பவர்கள் முக்குளித்துப் பவளங்களைப் பார்க்கும் ஆசையோடுதான் பெரும்பாலும் போவார்கள். அந்த ஆசை நிறைவேறும். ஆனால் அதற்கு முன்பு அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது: முழுதாக எண்ண முடியாத ஒன்றை நேர்மையாக எண்ணுவது எப்படி என்பதுதான் அது.

ஒரு சோறு போதுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் பானைச் சோறு முழுவதும் வெந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். சிறிய பகுதியைப் பார்த்து முழுமையைப் பற்றி முடிவு செய்வதை அறிவியலில் 'மாதிரி எடுத்தல்' என்கிறோம்.

ஆனால் பானைக்கும் கடற்கரைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பானைக்குள் அரிசி ஒரே மாதிரி கொதிக்கிறது. கடற்கரை அப்படி இல்லை. ஓரிடத்தில் சேறு, சற்றுத் தள்ளி மணல், அதற்கும் அப்பால் பவளச் சிதைவு. ஒரு பக்கம் கடற்புல் அடர்ந்திருக்கும். இன்னொரு பக்கம் வெறும் தரையாக இருக்கும். இங்கே ஒரு சோறு போதாது. பல சோறு வேண்டும். அதோடு, எந்தச் சோற்றை எடுப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடக்கூடாது.

ஏன்? உங்களைக் கரையில் இறக்கிவிட்டு, "எங்கே வேண்டுமானாலும் எண்ணுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? உயிரினங்கள் நிறைந்திருக்கும் இடத்தை நோக்கித்தான் உங்கள் கால்கள் போகும். அங்கே எண்ணிவிட்டுக் கரை முழுவதும் அப்படித்தான் என்று சொன்னால் அது தவறான கணக்கு. நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கண்கள் உங்களை ஏமாற்றிவிட்டன.

சட்டமும் அளவு நாடாவும்

இதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவி மிக எளிமையானது. பிளாஸ்டிக் குழாயால் செய்த ஒரு சதுரச் சட்டம். இதைக் 'குவாட்ராட்' என்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 50 சென்டிமீட்டர். சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். வெளியே எவ்வளவு அழகான நட்சத்திர மீன் கிடந்தாலும் அது கணக்கில் சேராது.

சட்டத்தை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வது அளவு நாடா. ஆஸ்திரேலியாவில் 1998ல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'சீகிராஸ் வாட்ச்' என்ற கடற்புல் கண்காணிப்புத் திட்டத்தில் ஒரு நிலையான முறை உண்டு. சிங்கப்பூரில் தொண்டூழியர்களும் இதே முறையைப் பின்பற்றிக் கடற்புல் வெளிகளைக் கண்காணித்திருக்கிறார்கள்.

முதலில் கரையிலிருந்து கடலை நோக்கி 50 மீட்டர் நீளத்துக்கு ஒரு நாடாவை விரிக்க வேண்டும். அதற்கு இணையாக 25 மீட்டர் இடைவெளியில் இன்னும் இரண்டு நாடாக்கள். ஒவ்வொரு நாடாவிலும் 0, 5, 10 என்று ஐந்து மீட்டருக்கு ஒரு முறை சட்டத்தை வைக்க வேண்டும். அப்படியானால் ஒரு நாடாவுக்கு 11 சட்டங்கள், மொத்தம் 33.

ஐந்தாவது மீட்டரில் வெறும் சேறு இருந்தாலும் சட்டம் அங்கேதான். ஆறாவது மீட்டரில் அருமையான கடல் சாமந்தி இருந்தாலும் சட்டத்தை நகர்த்தக்கூடாது. இந்தப் பிடிவாதம்தான் முறையின் உயிர்.

இப்போது கொஞ்சம் கணக்கு. நாடாக்கள் அடக்கும் பரப்பு 50 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது 2,500 சதுர மீட்டர். ஒரு சட்டத்தின் பரப்பு 0.25 சதுர மீட்டர். அப்படியானால் அந்த இடத்தை முழுவதும் நிரப்ப 10,000 சட்டங்கள் வேண்டும். நாம் பார்த்ததோ 33. ஒரு சட்டத்துக்குச் சராசரியாக 0.2 கடல் சாமந்தி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 0.2 × 10,000 = 2,000. அந்த இடத்தில் ஏறக்குறைய 2,000 கடல் சாமந்திகள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறோம்.

இங்கே 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள். சாதாரணப் பேச்சில் அது நழுவும் சொல். அறிவியலில் எவ்வளவு ஏறலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் எண்ணாகவே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பாடம் சொல்லித் தருவது இதைத்தான்.

சராசரி மறைக்கும் செய்தி

இரண்டு கரைகளில் நான்கு நான்கு சட்டங்களை வைத்துப் பார்த்ததாகக் கற்பனை செய்யுங்கள். முதல் கரையில் கிடைத்த எண்கள் 4, 4, 4, 4. இரண்டாவது கரையில் 0, 0, 16, 0. இரண்டுக்கும் சராசரி 4தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான கரைகளா?

முதல் கரையில் உயிரினங்கள் பரவலாக இருக்கின்றன. இரண்டாவது கரையில் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றன. அந்த ஓர் இடத்தின்மேல் ஒரு படகு நங்கூரத்தைப் போட்டால் போதும், எல்லாமே போய்விடும். சராசரியை மட்டும் எழுதியவருக்கு இந்த ஆபத்து தெரியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் சராசரியோடு, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் எழுதுகிறார்கள்.

பூஜ்ஜியத்துக்கும் மதிப்பு உண்டு. வெறும் சேறு மட்டும் இருந்த சட்டத்துக்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டால், பின்னால் படிப்பவருக்குக் குழப்பம் வரும். அங்கே எதுவும் இல்லையா, அல்லது எழுத மறந்துவிட்டார்களா? பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டால் "பார்த்தோம், இல்லை" என்று பொருள்.

அதேசமயம், "இந்தச் சட்டத்தில் இல்லை" என்பது வேறு, "இந்தக் கடலிலேயே இல்லை" என்பது வேறு. இதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் அழகான சான்று உண்டு. 'நெப்டியூன் கிண்ணம்' என்று அழைக்கப்படும் மாபெரும் கடற்பஞ்சு 1822ல் சிங்கப்பூரில் கிடைத்ததை வைத்துத்தான் முதன்முதலில் அறிவியலில் விவரிக்கப்பட்டது. ஒயின் கிண்ணம் போன்ற அதன் வடிவத்துக்காக மக்கள் அதைத் தேடித் தேடி எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு அது கண்ணில் படவே இல்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2011ல் சிங்கப்பூரின் தெற்கே, செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முக்குளிப்பாளர்கள் அதை உயிரோடு கண்டார்கள்!

செக் ஜாவாவுக்கு வந்த இரண்டு சோதனைகள்

எண்ணுவதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மறுபடி செக் ஜாவாவுக்கே வருவோம்.

இந்தக் கரை நிலமீட்புத் திட்டத்தின்கீழ் மண்ணால் மூடப்படவிருந்தது. அது மறைவதற்கு முன்பு, அங்கே என்னென்ன இருந்தன என்பதையாவது பதிவு செய்து வைக்கலாம் என்று 2001ல் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகத்தின் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் கரையில் இறங்கினார்கள். நாடா விரித்து, மாதிரிகளைச் சேகரித்து, பட்டியலிட்டார்கள். இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் அரசாங்கத்துக்குத் தங்கள் கருத்துகளை எழுதி அனுப்பினார்கள். பணிகள் தொடங்கவிருந்த நேரத்தில், 2001 டிசம்பரில், நிலமீட்பைத் தள்ளிவைக்க அரசாங்கம் முடிவு செய்தது.

அழகான இடம் என்று சொல்வது எளிது. எந்த இடத்தையும் யாராவது அழகு என்பார்கள். இங்கே இன்னின்ன உயிரினங்கள் இந்த அளவில் வாழ்கின்றன என்று காட்டும்போதுதான் முடிவெடுப்பவர்களின் மேசையில் அந்தப் பேச்சுக்கு எடை கிடைக்கிறது.

இரண்டாவது சோதனை வானத்திலிருந்து வந்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் தென் ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் கடும் மழை. கோத்தா திங்கி உள்ளிட்ட இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஜோகூரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த வெள்ளத்தைச் சுமந்து வந்த ஜோகூர் ஆறு, நீரிணையின் கிழக்குப் பகுதியில் கடலோடு கலக்கிறது. செக் ஜாவாவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கடல் நீரில் திடீரென்று அவ்வளவு நன்னீர் கலந்தால் என்ன ஆகும்? அறிவியல் பாடத்தில் 'ஆஸ்மோசிஸ்' பற்றிப் படித்திருப்பீர்கள். தமிழில் சவ்வூடு பரவல். உயிரணுவுக்கு வெளியே உப்பு குறைந்தால் தண்ணீர் உள்ளே புகும். உயிரணு உப்பும். மீன்கள் நீந்தி வேறு இடத்துக்குப் போய்விடலாம். பல நண்டுகளால் உடலின் உப்பளவைக் கட்டுப்படுத்த முடியும். ஆனால் நட்சத்திர மீன், கடல் அட்டை போன்றவற்றின் உடல் திரவத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும். கடற்பஞ்சுகளால் ஓடவும் முடியாது. 2007 தொடக்கத்தில் செக் ஜாவாவில் இத்தகைய உயிரினங்கள் பெரும் எண்ணிக்கையில் மடிந்து கிடந்தன.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமது ஹானர்ஸ் ஆய்வுக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். தொண்டூழியர்களின் துணையோடு மீண்டும் மீண்டும் அதே கரைக்குச் சென்று, எவை அழிந்தன, எவை திரும்பி வருகின்றன என்று பதிவு செய்தார். கரையில் தங்கி வாழும் பல உயிரினங்களின் குஞ்சுப் பருவம் கடல் நீரில் மிதந்து திரிவது. வேறு இடங்களில் பிறந்த குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்து இறங்கினால் வெறுமையான கரையில் மறுபடி உயிர் துளிர்க்கும். அடுத்து வந்த ஆண்டுகளில் கம்பளக் கடல் சாமந்தி போன்ற பல உயிரினங்கள் செக் ஜாவாவில் மீண்டும் தென்பட்டன.

மழைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு நல்ல ஆய்வாளர் தம்மையே குறுக்குக் கேள்வி கேட்டுக்கொள்வார். ஒரு கரையில் சட்டத்துக்கு 4 ஆக இருந்த எண்ணிக்கை, வெள்ளத்துக்குப் பிறகு 1 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம்தான் காரணம் என்று உடனே எழுதிவிடலாமா? அந்த ஆண்டு எல்லாக் கரைகளிலுமே அந்த உயிரினம் குறைந்திருந்தால்?

அதனால் ஒப்பிட இன்னொரு கரை வேண்டும். ஆற்று வெள்ளம் எட்டாத, ஆனால் மற்றபடி ஒத்திருக்கும் ஒரு கரை. அங்கே எண்ணிக்கை 4லிருந்து 3 ஆகியிருந்தால், இரண்டு கரைகளுக்கும் பொதுவான வேறு ஏதோ காரணம் ஒன்றைக் குறைத்திருக்கிறது, வெள்ளம் இன்னும் இரண்டைக் குறைத்திருக்கிறது என்று கணிக்கலாம். முன்பு, பின்பு, பாதிக்கப்பட்ட இடம், பாதிக்கப்படாத இடம் என்று நான்கு எண்கள் தேவை. மூன்றை எப்போது வேண்டுமானாலும் தேடிப் பிடிக்க முடியாது என்றாலும், விபத்து நடந்தவுடன் ஓடிப்போய் இரண்டு 'பின்பு' எண்களை எடுத்துவிடலாம். ஆனால் 'முன்பு' எண்ணை யாராலும் பின்னோக்கிப் போய் எடுக்க முடியாது. யாராவது முன்பே எண்ணி வைத்திருந்தால்தான் உண்டு.

இது வெறும் ஆய்வுக்கூடப் பிரச்சினை இல்லை. மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் உள்ள ரந்தாவ் அபாங் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகப் பெரிய ஆமையான லெதர்பேக் ஆமை முட்டையிட வரும் இடமாக அது புகழ்பெற்றிருந்தது. 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முட்டைக் குழிகள் இருந்தன. 2000களில் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இன்று அந்தக் கரைக்கு முதன்முறையாகப் போகும் ஒரு மாணவருக்கு ஆமையே வராத கரைதான் இயல்பாகத் தோன்றும்.

ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்ததையே இயல்பு என்று நினைத்துக்கொள்வதால், இழப்பு எவ்வளவு பெரியது என்பது மறந்துபோகிறது. டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் 1995ல் இதை 'நகரும் அடிக்கோடு' என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். இந்த மறதிக்கு மருந்து, யாரோ ஒருவர் அன்று எழுதி வைத்த எண்.

படிக்க விரும்பினால்

சூழலியலும் கடல் உயிரியலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படிக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் இந்தப் பாடங்கள் உண்டு. அதன் வளாகத்திலுள்ள லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திலும், செயிண்ட் ஜான்ஸ் தீவில் உள்ள தேசியக் கடல் ஆய்வுக்கூடத்திலும் ஆய்வுகள் நடக்கின்றன. மலேசியாவில் கோலத் திரங்கானுவில் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகமும், கோத்தா கினபாலுவில் மலேசிய சபா பல்கலைக்கழகத்தின் போர்னியோ கடல் ஆய்வுக் கழகமும் பெயர்பெற்றவை. திரங்கானு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ரெடாங் தீவின் சாகர் ஹூத்தாங் கரையில் 1993லிருந்து ஆமைகளைப் பதிவு செய்து வருகிறார்கள்.

படிப்பில் உயிரியல் மட்டும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். நீரின் உப்பு, அமிலத்தன்மை, கரைந்துள்ள உயிர்வளி ஆகியவற்றை அளக்க வேதியியல் தேவை. அலைகளையும் நீரோட்டத்தையும் புரிந்துகொள்ள இயற்பியல் தேவை. எண்களைச் சரியாகப் படிக்கப் புள்ளியியலும் கணினி நிரல் எழுதுவதும் தேவை. ஒத்த தோற்றமுள்ள இரண்டு நண்டுகளைப் பிரித்தறியப் பொறுமை தேவை. சிங்கப்பூரில் மட்டும் 12 வகைக் கடற்புற்கள் இருக்கின்றன. இலையின் நுனியையும் நரம்புகளையும் பார்த்து அவற்றைப் பெயர் சொல்லப் பழக வேண்டும்.

கள ஆய்வு உங்கள் வசதியைக் கேட்டு நடக்காது, கடலின் நேரத்துக்கு நடக்கும். நம் கரைகளில் ஆண்டின் நடுப்பகுதியில் கடல் மிக அதிகமாக வற்றுவது பெரும்பாலும் விடியலுக்கு முன்பு. ஆண்டின் இறுதியில் அது மாலை, இரவு நேரங்களுக்கு மாறிவிடும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, கணுக்கால் அளவு சேற்றில் நின்று, நீரில் நனைந்தாலும் கிழியாத தாளில் பென்சிலால் எழுத வேண்டும். கரையில் இரண்டு மணி நேரம் சேர்த்த தகவலைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கப் பல நாள் ஆகும்.

பள்ளித் திடலில் செய்து பாருங்கள்

பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டாம். திடல் புல்லில் தொட்டாற்சுருங்கிச் செடி முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் திடலின் ஒரு மூலையில் அவை எத்தனை இருக்கின்றன என்று மதிப்பிட்டுப் பாருங்கள்.

1. ஆசிரியரின் அனுமதியோடு 20 மீட்டருக்கு 20 மீட்டர் இடத்தை அளந்துகொள்ளுங்கள். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைக் கட்டிச் சதுரச் சட்டம் செய்யுங்கள்.

2. அறிவியல் கணிப்பானில் எதேச்சையான எண் தரும் பொத்தான் இருக்கும். அது காட்டும் எண்ணை 20ஆல் பெருக்குங்கள். 0.35 வந்தால் 7 மீட்டர். ஒரு முறை நீளவாக்கிலும் ஒரு முறை அகலவாக்கிலும் இப்படி எண் எடுத்து, அவை சந்திக்கும் இடத்தில் சட்டத்தை வையுங்கள்.

3. உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் 0 என்று எழுதுங்கள். இப்படிப் பத்து முறை.

4. பத்து எண்களின் சராசரியை 1,600ஆல் பெருக்குங்கள். ஏனெனில் அந்த இடத்தில் 1,600 சட்டங்கள் அடங்கும். சராசரி 1.5 என்றால் மதிப்பீடு 2,400 செடிகள்.

5. உங்கள் நண்பரையும் தனியாக இதே முறையில் பத்துச் சட்டங்கள் எண்ணச் சொல்லுங்கள். இருவர் விடைகளும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். பிறகு ஆளுக்கு முப்பது சட்டங்கள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இடைவெளி குறையும். ஏன் என்று யோசியுங்கள்.

கடைசியாக, தாளில் தேதியையும் இடத்தையும் தெளிவாக எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு அந்தத் திடலில் புதிய கட்டடம் வரலாம், அல்லது புல்வெட்டும் முறை மாறலாம். அப்போது உங்கள் பள்ளியில் யாராவது "முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் ஓர் எண் இருக்கும்.